பின் வரிசையில் நிற்பவர்கள்

(பங்கின் பவள விழாவையொட்டிப் பள்ளி மண்டபத்தில் அமைக்கப்பட்ட புகைப்படக் கண்காட்சியின் திறப்பு நாளன்று, கண்காட்சிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

இந்த மண்டபத்தின் சுவர்களில் 312 படங்களை மாட்டியிருக்கிறோம். ஓராண்டுக்கு முன் பங்குத்தந்தை அவர்கள் எங்கள் நால்வரையும் அழைத்து, "நம் கோயிலுக்கு 75 வயது ஆகப்போகிறது. பழைய படங்கள் கிடைத்தால் விழா மலரில் போடலாம், தேடிப் பாருங்கள்" என்று சொன்னபோது, பத்துப் பதினைந்து தேறினாலே பெரிது என்றுதான் நினைத்தோம். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் தெருத் தெருவாகப் போனோம். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்தும், செபப்புத்தகத்தின் நடுவிலிருந்தும், திரு இருதயப் படத்தின் பின்புறம் செருகி வைத்திருந்த காகித உறையிலிருந்தும் படங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கொடுத்த குடும்பங்கள் அனைத்துக்கும் எங்கள் நன்றி.

படங்களை வாங்கி மாட்டியதோடு எங்கள் வேலை முடிந்திருந்தால் இங்கே நீண்ட உரை தேவைப்பட்டிராது. ஆனால் இந்த ஓராண்டில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். அதை உங்கள் முன் ஒப்புக்கொண்டு, அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் சொல்லவேண்டும் என்பது எங்கள் விருப்பம். அது விளங்கவேண்டுமானால், புகைப்படக் கலையின் கதையையும், அக்கலை நம் சென்னை மாநகரைப் பார்த்த விதத்தையும் முதலில் சிறிது நினைவுகூர வேண்டும்.

1838ஆம் ஆண்டு, பாரிஸ் நகரில், லூயி தாகேர் என்பவர் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து கீழேயிருந்த அகலமான சாலையைப் படம் பிடித்தார். மறு ஆண்டு, அதாவது 1839ல், அவருடைய முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்தச் சாலைப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். குதிரை வண்டிகளும் மக்களும் நிறைந்திருந்த பரபரப்பான சாலை அது. படத்திலோ சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. மரங்கள் இருக்கின்றன, வீடுகள் இருக்கின்றன, மனிதர்களைக் காணோம். காரணம் இதுதான். அந்நாளில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒளி பதியச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த நேரமெல்லாம் ஓரிடத்தில் நின்றது மட்டுமே தகட்டில் பதியும். நடந்தவர், ஓடியவர், வண்டி இழுத்த குதிரை ஆகிய எல்லாமே தடம் தெரியாமல் மறைந்துபோயின.

ஆனால் படத்தின் கீழ் மூலையில் ஒரே ஒருவர் தெரிகிறார். அவர் தம் காலணியைத் துடைக்கக் கொடுத்து, ஒரு காலைத் தூக்கி வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். நின்றதனால் பதிந்தார். அவருடைய காலடியில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளி, கை அசைந்துகொண்டே இருந்ததால், மங்கலாகத்தான் தெரிகிறார். உலகில் முதன்முதலாகப் புகைப்படத்தில் அகப்பட்ட மனிதர்கள் இவ்விருவரும் என்று சொல்வதுண்டு. இருவருடைய பெயரும் ஒருவருக்கும் தெரியாது. நின்றவர் பதிவார், உழைப்பவர் மங்குவார் என்ற இந்த நிலை அந்தக் காமிராவின் குறைபாட்டால் வந்தது. காமிராவின் குறைபாடு பின்னர் நீங்கியது. மனிதர்களின் பார்வையில் அது எளிதில் நீங்கவில்லை என்பதை இனிச் சொல்லப்போகிறோம்.

புகைப்படக் கலை நம் மாநிலத்துக்கு வெகு சீக்கிரமாகவே வந்து சேர்ந்தது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850ல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வழிவந்ததுதான். அந்தப் பத்தாண்டிலேயே அங்கே புகைப்படமும் கற்பிக்கப்பட்டது. 1856ல் லின்னேயஸ் டிரைப் என்ற படைத் தலைவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். அவர் 1857 இறுதியில் புறப்பட்டு, திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களுக்கெல்லாம் பெரிய பெட்டிக் காமிராவையும் மருந்துகளையும் மெழுகு தடவிய காகிதத்தையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் வெட்டப்பட்டிருக்கும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். இன்றும் அறிஞர்கள் வியக்கும் வேலை அது. கோபுரங்களையும் தூண்களையும் மண்டபங்களையும் அவர் எடுத்த படங்கள் நம் கலைச் செல்வத்தின் சாட்சிகளாக விளங்குகின்றன. ஆயினும் அந்தப் படங்களில் மனிதர்கள் மிகக் குறைவு. ஊர் இருக்கிறது, ஊரார் இல்லை. அந்தக் கோவில்களில் விளக்கேற்றியவர்களும், வாசலில் பூ விற்றவர்களும், அவருடைய காமிராவைச் சுமந்துபோன கூலியாட்களும் படத்துக்கு வெளியே நின்றார்கள்.

பின்னர் மனிதர்களைப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். எப்படி எடுத்தார்கள்? 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் எட்டுப் பெரிய தொகுதிகளை ஆங்கிலேய அரசு வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலான படங்களுக்கு அடியில் ஆளின் பெயர் இல்லை. அவர் இன்ன சாதி, இன்ன இனம், இன்ன தொழில் என்பதுதான் இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது ஹூப்பர் என்ற படை அதிகாரி எடுத்த படங்கள் அதைவிடக் கொடியவை. எலும்பும் தோலுமாய் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைக் காமிராவின் முன் வரிசையாக அமர வைத்து எடுத்த படங்கள் அவை. இலட்சக்கணக்கானோர் மாண்ட அந்தப் பஞ்சத்தின் கொடுமையை இன்று நமக்குக் காட்டுவது அந்தப் படங்கள்தாம். அவ்வகையில் அவற்றுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு தாயின் பெயரும், ஒரு குழந்தையின் பெயரும் நமக்குத் தெரியாது.

இப்படி ஒரு புறம் அரசாங்கமும் அதிகாரிகளும் எடுத்த படங்கள் இருக்க, மறுபுறம் மாநகர மக்கள் தாங்களே ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படங்களும் பெருகின. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கண்காட்சி பேசுகிறது.

நம் குடும்பங்களில் புகைப்படம் எடுத்துக்கொள்வது எளிதாக நடந்த காரியமல்ல. திருமணம், புதுநன்மை, உறுதிப்பூசுதல், பிள்ளையின் முதல் பிறந்த நாள் ஆகிய இவற்றுக்குத்தான் ஸ்டுடியோ. அதற்கென்று காசு சேர்க்க வேண்டும். இருக்கிற புடவையில் நல்லதை உடுத்திக்கொண்டு, பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெயில் ஏறுமுன் நடந்தே போவார்கள். ஸ்டுடியோவில் மலையும் ஏரியும் தீட்டிய திரை தொங்கும். புகைப்படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, "அசையாதீங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று எச்சரிப்பார். பழைய படங்களில் நம் தாத்தாக்களும் பாட்டிமார்களும் ஏன் சிரிக்கவில்லை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அசைந்தால் படம் கெடும், கெட்டால் காசு போகும் என்ற அச்சம் ஒரு காரணம். ஒரு குடும்பத்தின் மானமும் மரியாதையும் அந்த ஒரு தாளில் நிற்கவேண்டும் என்ற கவலை மற்றொரு காரணம்.

1960களுக்குப் பிறகு நிலை சற்று மாறியது. அக்ஃபா கிளிக் என்ற பெட்டிக் காமிரா நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. ஒரு சுருளில் பன்னிரண்டு படம். அந்தப் பன்னிரண்டையும் ஒரு கிறிஸ்துமஸ் தொடங்கி அடுத்த ஈஸ்டர் வரை பார்த்துப் பார்த்துச் செலவழித்த குடும்பங்கள் நம் பங்கில் உண்டு. 1960ல் உதகமண்டலத்தில் அமைக்கப்பட்ட அரசுத் தொழிற்சாலையிலிருந்து 'இந்து' என்ற பெயரில் பிலிம் வந்துகொண்டிருந்தது. இன்று அந்தத் தொழிற்சாலை இல்லை. ஆனால் அந்தச் சுருளில் பதிந்த முகங்கள் இதோ இந்தச் சுவரில் இருக்கின்றன.

இவற்றையெல்லாம் வரிசைப்படுத்தியபோது எங்களுக்கு ஓர் உண்மை விளங்கியது. முகத்துக்காக எடுத்த படத்தில், எடுத்தவர் கருதாமலே, மாநகரமும் வந்து பதிந்துவிடுகிறது. மூன்றாவது பலகையில் ஒரு குழந்தை புதுநன்மை உடையில் மெழுகுவத்தி பிடித்து நிற்கிறது. குழந்தையை விட்டுவிட்டு அதன் தலைக்குமேல் பாருங்கள்; டிராம் வண்டிக்கான மின்கம்பி தெரியும். 1895ல் சென்னையில் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் 1953ல் நின்றுபோனது. ஆகவே, பின்புறத்தில் தேதி இல்லாத அந்தப் படத்தின் காலத்தை அந்தக் கம்பியை வைத்து ஒருவாறு ஊகிக்க முடிந்தது. அதற்கடுத்த படத்தில் புதுமணத் தம்பதிகள் மூர்மார்க்கெட்டின் சிவப்பு வளைவுகளுக்கு முன் நிற்கிறார்கள். 1900ல் திறக்கப்பட்ட அந்த அங்காடி 1985 மே மாதம் தீயில் எரிந்துபோனது. பழைய புத்தகம் தேடி அங்கே அலைந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. ஆறாவது பலகையில், குளித்துத் தலைவாரிய நான்கு பிள்ளைகளுக்குப் பின்னால் பின்னி ஆலையின் புகைபோக்கி. அந்த ஆலையின் சங்கொலியைக் கேட்டுத்தான் நம் பகுதியில் அடுப்பு மூட்டினார்கள், பள்ளிக்குப் புறப்பட்டார்கள். 1996ல் ஆலை மூடப்பட்டது. சங்கொலியைப் படம் பிடிக்க இயலாது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த மூத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அது காதில் கேட்டது என்பதை அவர்கள் முகத்தில் கண்டோம்.

நம் வழிபாட்டின் மாற்றமும் இப்படியே பதிந்திருக்கிறது. 1950களின் படங்களில் குருவானவர் பீடத்தை நோக்கி நிற்கிறார். நமக்குத் தெரிவது அவருடைய முதுகும் பூசையுடையின் சிலுவையும்தான். ஆண்கள் ஒரு புறம், பெண்கள் முக்காடிட்டு மறுபுறம், நற்கருணை வாங்க முழந்தாளிட மரக்கிராதி. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் எடுத்த படங்களில் குருவானவரின் முகம் நம்மை நோக்கித் திரும்புகிறது. இலத்தீன் போய்த் தமிழ் வந்ததைப் படம் காட்டாது; ஆனால் மக்களின் உதடுகள் திறந்திருப்பதைக் காட்டுகிறது.

இந்தப் படங்களுக்கிடையே, பார்க்க மனம் கனக்கும் ஒரு வரிசையும் உண்டு. கோயில் வாசலில் சவப்பெட்டியைச் சாய்த்து வைத்து, குடும்பத்தார் சுற்றி நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அவை. இந்தத் தலைமுறைக்கு அது விசித்திரமாகத் தோன்றலாம். இவற்றை மாட்டலாமா, கூடாதா என்று எங்களுக்குள்ளும் விவாதம் நடந்தது. இறுதியில், குடும்பத்தாரின் அனுமதியோடு சிலவற்றை மட்டும் மாட்டியிருக்கிறோம். ஏனென்றால், அந்தப் பெட்டியில் கிடக்கும் பாட்டியம்மாளுக்கு வாழ்நாளில் எடுக்கப்பட்ட ஒரே படம் அதுவாகவே இருந்ததைப் பல வீடுகளில் கண்டோம். அறுபது எழுபது ஆண்டுகள் உழைத்த ஒருத்தி, அசையாமல் ஓரிடத்தில் இருந்த ஒரு நாளில்தான் காமிராவில் பதிந்தாள். பாரிஸ் சாலைப் படத்தை நினைத்துக்கொண்டோம்.

நிற்க. இப்போது எங்கள் தவறுக்கு வருகிறோம்.

வாசலுக்கு நேரே, தனிப் பலகையில், ஒரு பெரிய குழுப்படம் இருக்கிறது. நம் கோயிலின் சுவர்கள் பாதி எழும்பி நின்றபோது, 1953ல் எடுத்தது. முன் வரிசையில் நாற்காலிகள்; அவற்றில் அன்றைய பங்குத்தந்தை, பொறியாளர், நன்கொடை வழங்கிய பெரியோர்கள். கீழே பாயில் பாடகர் குழுச் சிறுவர்கள். பின்னால், சாரத்தின் அடியில், தலையில் சும்மாட்டோடு சித்தாள் பெண்கள் பதினான்கு பேர். சிலருடைய இடுப்பில் குழந்தை. சிலர் கையில் சாந்துச் சட்டி. படத்தின் பின்புறம் அழகான கையெழுத்தில் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. நாற்காலியில் இருந்த ஒன்பது பேரின் பெயர்கள்.

இந்தப் படத்தை விழா மலரின் அட்டைக்கென்று தேர்ந்தெடுத்தோம். படம் உயரமாக இருந்தது. அட்டையின் மேற்பகுதியில் தலைப்பு வரவேண்டும். ஆகவே, நாற்காலி வரிசையை வைத்துக்கொண்டு மேலே இருந்த பகுதியை வெட்டிவிட்டோம். யாரும் எங்களைக் கேட்கச் சொல்லவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை. பெயர் தெரிந்தவர்கள் இருந்தால் போதும் என்று எண்ணினோம். அப்படியே அச்சகத்துக்குப் போக இருந்தது.

அதற்குமுன், மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு, பழைய காலத்து விவரம் ஏதோ கேட்பதற்காக நம் பங்கின் மூத்த ஆயா ஒருவரிடம் போனோம். அவருக்கு 87 வயது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வெகுநேரம் பார்த்தார். விரலால் மேல் விளிம்பைத் தடவினார். பிறகு எங்களைப் பார்த்து, "ஏம்ப்பா, இங்கதானே எங்கம்மா நின்னுக்கினு இருந்தாங்க? காணோமே?" என்று கேட்டார்.

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பி ஓடி, முழுப் படத்தையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தோம். பின் வரிசையில் இடமிருந்து நான்காவது பெண்ணின் மேல் அவர் விரல் நின்றது. "இதோ" என்றார். அவருடைய தாயாரின் படம் வேறு ஒன்றுகூட அவர்கள் வீட்டில் இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தோம். அந்தப் படம் எடுக்கப்பட்டதை அந்தத் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறாரே தவிர, எழுபது ஆண்டுகளாக அவர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. தாயாரை மீண்டும் கண்ட அதே நாளில்தான், நாங்கள் அவரை வெட்டியெறிந்திருந்ததையும் அவர் காண நேர்ந்தது.

அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்களையும் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார். அன்று மாலைக்குள் பதினான்கு பேரில் ஒன்பது பேருக்குப் பெயர் கிடைத்தது. அவர்களில் மூவர் நம் மறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். "இவ அம்மன் கோவில் தெருவுல இருந்தா. எங்கம்மாவும் அவளும் ஒண்ணாத்தான் கல்லு சுமப்பாங்க. கோயில் கொடியேத்தத்துக்கு வருஷா வருஷம் பூ கொண்டாந்து குடுப்பா" என்றார். எழுபத்தைந்து ஆண்டுகளாக நம் கோயில் வரலாற்றைப் பலமுறை எழுதியிருக்கிறோம். வெள்ளி விழா மலரிலும் பொன் விழா மலரிலும் நன்கொடையாளர் பட்டியல் இருக்கிறது. அந்தக் கல்லைத் தலையில் வைத்துச் சுமந்தவர்களின் பெயரை நாம் ஒருமுறையும் அச்சிட்டதில்லை. நன்கொடை தந்த பெருமக்களின் புகழை இதனால் குறைக்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். அவர்களுடைய பொருளும் இந்தப் பெண்களின் தோளும் சேர்ந்துதான் இந்தச் சுவர் எழும்பியது.

அட்டைப்படத்தை மாற்றிவிட்டோம். உங்கள் கையிலுள்ள மலரில் படம் முழுமையாக இருக்கிறது. தலைப்பைச் சிறிதாக்கிக் கீழே கொண்டுபோய்விட்டோம். உள்பக்கத்தில் நாற்காலியில் இருப்பவர்களின் ஒன்பது பெயர்களும், பின் வரிசையின் ஒன்பது பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. மீதி ஐவருக்கு இடம் காலியாக விட்டிருக்கிறோம். அங்கே வாசலில் பலகையின் பக்கத்தில் நூலில் ஒரு பென்சில் தொங்குகிறது. யாருக்காவது அந்த ஐந்து முகங்களில் ஒன்று அடையாளம் தெரிந்தால், தயைகூர்ந்து எழுதிவிட்டுப் போங்கள். வெளியூரில் இருக்கும் உங்கள் உறவினர்களிடமும் காட்டிக் கேளுங்கள்.

அன்பார்ந்த பங்கு மக்களே, இந்த நிகழ்ச்சியிலிருந்து நாங்கள் தெரிந்துகொண்டது ஒன்றுதான். படம் தானாக எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. அது முகத்தை வைத்திருக்கிறது. பெயரை நாம்தான் வைத்திருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த 312 படங்களில் பின்புறம் பெயர் எழுதியிருந்தவை 40க்கும் குறைவே. மற்றவற்றுக்கு வீட்டிலிருந்த மூத்தவர்களைக் கேட்டும், பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் புரட்டியும் பெயர் கண்டுபிடித்தோம். 1563ல் திரிதெந்தின் பொதுச்சங்கம் திருமணப் பதிவேட்டை ஒவ்வொரு பங்குக்கும் கட்டாயமாக்கியது. கூலிக்காரர், செல்வர் என்ற வேறுபாடின்றி அதில் எல்லாரும் ஒவ்வொரு வரிதான். அந்த வரிகளில் பெயர் இருந்தது, முகம் இல்லை. படங்களில் முகம் இருந்தது, பெயர் இல்லை. இரண்டையும் இணைத்தது மூத்தவர்களின் நினைவு. அந்த மூத்தவர்கள் நம்மிடையே இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார்கள்?

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். இன்று வீடு திரும்பியதும் ஆல்பத்தை எடுத்து, வீட்டில் வயது முதிர்ந்தவரின் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், யார், எங்கே, எப்போது, சொன்னவர் யார் என்ற நான்கையும் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தம் முன்புறம் தெரியும், மையும் ஊறும். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள், இரண்டும் நாளடைவில் படத்தைக் கெடுக்கும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரில் மூலப் படத்தை மாட்டாமல், நகலை மாட்டுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் வீடுகள் பலவற்றில் பீரோவோடு ஆல்பங்களும் மூழ்கின. சேறு காய்ந்தபின் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்த்தெடுத்து, முகங்களை உரித்துவிட்டோம் என்று சில தாய்மார்கள் அழுதார்கள். நனைந்த படங்களைக் காயவிட்டுப் பிரிக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த நல்ல நீரில் நனைத்து, மெதுவாகப் பிரித்து, நிழலில் முகம் மேலாக விரித்து உலர்த்தவேண்டும். இது அன்று தெரிந்திருந்தால் பல முகங்கள் பிழைத்திருக்கும்.

பழைய ஸ்டுடியோக்கள் மூடப்பட்டபோது கண்ணாடித் தட்டுகளைக் கழுவி விற்றதும், பிலிமை வெள்ளிக்காக எடைக்குப் போட்டதும் உண்டு. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்றவை தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடிப் பாதுகாக்க முன்வந்திருக்கின்றன. ஆனால் ஒரு நிறுவனம் நம் அத்தையின் பெயரை எங்கே போய்த் தேடும்? அதை நாம்தான் சொல்லவேண்டும். இளைஞர்களே, உங்கள் கைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் இதே நிலை வரும். ஆண்டுக்குப் பத்துப் படங்களையாவது தாளில் அச்சிட்டுப் பெயர் எழுதி வையுங்கள். உங்கள் தாய் அடுப்படியில் நிற்கும்போதும், தந்தை வேலைக்குப் புறப்படும்போதும் எடுத்த படம் அவற்றில் ஒன்றாக இருக்கட்டும்.

சிலுவைப் பாதையின் ஆறாம் ஸ்தலத்தில் வெரோணிக்கம்மாளை நாம் நினைக்கிறோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், இரத்தமும் வியர்வையுமாக இருந்த திருமுகத்தைத் தன் துகிலால் துடைத்தார். அம்முகம் அத்துகிலில் பதிந்தது என்பது மரபு. புகைப்படக்காரர்கள் அவரைத் தங்கள் பாதுகாவலியாகக் கொண்டாடுகிறார்கள். அவர் படத்தைத் தேடிப் போகவில்லை. துன்புற்றவரைத் தேடிப் போனார். முகம் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. ஒருவரைப் படம் எடுக்குமுன் அவரை மதிக்கவேண்டும், எடுத்தபின் அவரை மறக்கலாகாது என்பதை அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். தன் ஆடு ஒவ்வொன்றையும் பெயரால் அறியும் ஆயனை வணங்குகிறவர்கள் நாம். நம் கோயிலைக் கட்டியவர்களைப் பெயரில்லாமல் விட்டுவைப்பது நமக்கு அழகாகாது.

வரும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, பின் வரிசையின் ஒன்பது பெயர்களையும், அதற்குள் கிடைக்கும் மற்றப் பெயர்களையும் பூசையில் வாசிக்கப் பங்குத்தந்தை அவர்கள் இசைந்திருக்கிறார்கள். அம்மன் கோவில் தெருவிலிருந்து அந்த மூவரின் பேரப்பிள்ளைகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு முன் வரிசையில் இடம் போடுவோம்.

எங்கள் பிழையைப் பொறுத்துக்கொண்ட ஆயாவுக்கு இந்தக் கண்காட்சியைக் காணிக்கையாக்குகிறோம். முதல் பார்வையாளராக அவரே இப்போது உள்ளே வரவேண்டும் என்று அன்போடு அழைக்கிறோம்.